சாலைக்கு முதுகு காட்டிய நிழற்குடை

1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் பத்தாம் தேதி, புதன்கிழமை. காலை ஏழேகால் மணிக்குக் கொத்தனார் அப்துல் முத்தலிப் தன் மனைவியோடும் பதினொரு வயது மகள் இஸ்மத்தோடும் குட்டைக்கரடு பிரிவில் பஸ்ஸுக்காக நின்றார். பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் ஒரு சின்ன நிறுத்தம் அது. உடுமலை போய், அங்கிருந்து கோவைக்கு வண்டி மாற வேண்டும். ஒரு தகரப் பெட்டி, பாத்திரங்களைக் கட்டிய சாக்கு மூட்டை, கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் போட்ட சிமெண்டுப் பை ஒன்று. திரும்பி வருகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. புழுதியையும் சாரலையும் சேர்த்து முகத்தில் எறிகிற காற்று. பத்தடி தள்ளி ஒரு நிழற்குடை காலியாக இருந்தது. முந்தின வருடம் முத்தலிப்பே கட்டியது.

"என்னங்க, உள்ள போய் உக்காரலாம். புள்ள நனையுது பாருங்க" என்றார் மனைவி.

"வேண்டாம். உள்ள உக்காந்தா பஸ் வர்றது தெரியாது."

பக்கத்து டீக்கடைக்காரர் பாலகோபாலுக்கு அப்போது இருபத்தைந்து வயது. காற்றையும் மீறிக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க பாய், நீங்க கட்டுனதுல நீங்களே உக்காரலீன்னா அப்பறம் யாருங்க உக்காருவா? எங்கூட்டு எருமையவா கட்டோணும்?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறினார்கள். இதற்குப் பிறகு முத்தலிப் இருபத்தைந்து வருடம் உயிரோடு இருந்தார். அந்தச் சாலையில் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை.

இதை என்னிடம் சொன்னவர் இஸ்மத். சொல்லவைத்தது என்னுடைய முட்டாள்தனம். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த நிழற்குடையைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிறுத்தத்து நிழற்குடை என்றால் அதன் திறந்த பக்கம் சாலையைப் பார்த்து இருக்கும். குட்டைக்கரடு பிரிவில் இருந்தது நேர் எதிர். சாலை மேற்கே. நிழற்குடையின் திறந்த பக்கம் கிழக்கே, தென்னந்தோப்பைப் பார்த்து. சாலையில் போகிறவர்களுக்குத் தெரிவது ஒரு மொட்டைச் சுவர். உள்ளே சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தால் தேங்காய் விழுவதைப் பார்க்கலாம், பஸ்ஸைப் பார்க்க முடியாது. கட்டிய முதல் வருடத்திலேயே எத்தனையோ பேர் உள்ளே உட்கார்ந்து வண்டியைத் தவறவிட்டார்கள். அதோடு யாரும் உள்ளே போவது நின்றது. அந்த ஊரில் சட்டையை உள்வெளியாகப் போட்டால், கடிதத்தைத் தலைகீழாக மடித்தால், "முத்தலிப்பு வேல பண்ணிப்போட்டயா?" என்று கேட்பார்கள். முப்பது வருடமாகக் கேட்கிறார்கள். முத்தலிப் யார் என்று தெரியாத பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கோவைக்கு வந்த முத்தலிப் கோட்டைமேட்டில் ஒற்றை அறை வீடு ஒன்றைப் பிடித்தார். தனியாக வேலை எடுத்துச் செய்த மனிதர் அதன்பிறகு எடுக்கவே இல்லை. இன்னொரு கொத்தனார் நூல் பிடித்துக் கொடுத்த இடத்தில் செங்கல் வைப்பார், சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்துவிடுவார். வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று யாராவது யோசனை கேட்டால், "அவங்களையே கேட்டுக்குங்க" என்று நகர்ந்துவிடுவார். "எங்கத்தாவுக்குப் பேச்சு நின்னு போச்சுங்க" என்று அப்பாவைப் பற்றிச் சொன்னார் இஸ்மத். "வாய் பேசும். கட்டடத்தைப் பத்தி மட்டும் பேசாது."

இஸ்மத் பத்தொன்பது வயதில் சிங்காநல்லூரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் அங்கேதான். கணவர் ரசாக் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் நிதா பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். கடையில் இஸ்மத்தைப் பார்த்தால் யாரும் சாதாரணமாகக் கடந்து போய்விடுவார்கள். கருநீலப் புடவை, காதில் பென்சில், கையில் அளவு நாடா. ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனால், நடுவிரல் முட்டியால் சுவரை நாலு இடத்தில் தட்டிவிட்டு, "இங்க உள்ள வெத்தா இருக்குதுங்க, ஒட்டுனா உதிர்ந்துரும்" என்று சொல்வார். கட்டியவர்கள் இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள். பேர்த்துப் பார்த்தால் வெற்றாகத்தான் இருக்கும். இருபத்து மூன்று வருடத்தில் அந்த முட்டி தவறியதில்லை.

இனி என் முட்டாள்தனம்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2023 கடைசியில் கோவைக்குத் திரும்பினேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நம் பக்கத்து விசித்திரக் கட்டிடங்களைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். வானத்துக்கு ஏறி நிற்கிற படிக்கட்டு, கதவே இல்லாத அறை, மூன்றாவது மாடியில் கிணறு. எதைப் பற்றிக் கேட்டாலும் ஊருக்கு நாலு கதை கிடைக்கும். வெள்ளைக்காரன் கட்டினது, சுரங்கப்பாதை போகிறது, புதையல் இருக்கிறது, ஒரு பெண் தூக்குப் போட்டுக்கொண்டாள். எந்தக் கட்டிடமானாலும் இதே நாலு. இடத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பில்தான் குட்டைக்கரடு நிழற்குடையைப் படம் எடுத்துப் போட்டு, "கட்டிய கொத்தனாருக்கு அன்றைக்கு என்ன மயக்கமோ" என்று எழுதினேன். வடக்குச் சுவரில் பதித்திருந்த கருங்கல்லில் கோபாலசாமி என்று உபயதாரர் பெயர் இருந்தது. அவர் என் தாத்தா. அதையும் பெருமையாக எழுதினேன்.

நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதுவரை என்னை இருநூறு பேருக்கு மேல் பார்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு போன்.

"நீங்கதானுங்களா தேஜஸ்ரீ?"

"ஆமாங்க."

"என் பேரு இஸ்மத்துங்க. மயக்கம்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் கொத்தனாரு மகள்."

"மன்னிச்சுக்குங்க, விளையாட்டுக்குத்தான்…" என்றேன்.

"என் புள்ள காலேஜுல அத வெளையாட்டாத்தான் பாத்தாங்களாம். உடுமலைக்காரப் பையன் ஒருத்தன் வகுப்புல யாரு தப்புப் பண்ணுனாலும் முத்தலிப்பு, முத்தலிப்புன்னு கூப்பிடறானாம். அவளுக்கு அது அவ தாத்தா பேருன்னு சொல்லக்கூட வாய் வரலீங்க. உங்க தாத்தா பேரு கல்லுல இருக்குது. எங்கத்தா பேரு ஊர் வாயில இருக்குது. கீழ என்னென்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சீங்களா?"

படித்தேன். பாய் மேற்கு பார்த்துத் தொழுவதற்காகச் சுவரை மேற்கில் வைத்துவிட்டார், பஸ் ஸ்டாப் என்ற பெயரில் பள்ளிவாசல் கட்டிவிட்டார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நூற்றுக்கும் மேல் பதில்கள். அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? அதற்குள் அது என் கையை விட்டுப் போய்விட்டது.

"எங்கத்தா திருப்பிக் கட்டுற ஆளு இல்லீங்க. ஏன் அப்படிக் கட்டுனார்னு எனக்குத் தெரியோணும். எழுதுனது நீங்க. கூட வாங்க" என்றார் இஸ்மத்.

2024 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறி, பல்லடத்தில் மாறிப் போனோம். முப்பது வருடத்துக்குப் பிறகு இஸ்மத் அந்தச் சாலையில் போகிறார். வழி நெடுக மின்சாரக் காற்றாடிகள். பிரிவில் இறங்கியதும் நடத்துநர், "திருப்பி ஸ்டாப்பு, எறங்கு எறங்கு" என்று விசில் ஊதினார். நிறுத்தத்தின் பெயரே அதுவாகிவிட்டது.

டீக்கடை அதே இடத்தில் இருந்தது. பாலகோபாலுக்கு இப்போது தலை நரைத்துத் தொந்தி விழுந்திருந்தது. நிழற்குடையைக் காட்டி ஏன் இப்படி என்று நான் கேட்டதும் ஆள் மலர்ந்துவிட்டார்.

"அதுங்களா? அந்தக் காலத்துல கெழக்காலதான் ரோடு இருந்துச்சும்பாங்க. அது பொய்ங்க. இன்னொருத்தன் சோசியக்காரன் சொல்லி வெச்சதும்பான். அதுவும் பொய். நெசம் என்னன்னா, முத்தலிப்புன்னு ஒரு பாய் இருந்தானுங்க, பிளான் காயிதத்தத் திருப்பிப் புடிச்சுப் பாத்துக் கட்டிப்போட்டான். கட்டி முடிச்சு ரோட்டப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை…" அந்தப் பார்வையை நடித்தும் காட்டினார். எத்தனை தடவை காட்டியிருப்பாரோ, நன்றாகப் பழகியிருந்தது.

"இப்ப என்னமோ பள்ளிவாசல்ங்கறானுங்களே" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

இஸ்மத் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, உங்கூட்டு வாசல் எந்தப் பக்கம்?"

"கெழக்க பாத்துத்தானுங்க."

"அப்ப மேக்க செவுரு இருக்குமில்லீங்க? உங்கூட்டுலயும் தொழுவறீங்களா?"

அந்த ஆள் சிரித்துவிட்டார். பாலகோபாலும் சிரித்தார். "பலே அம்மணி! நீங்க யாருங்க?"

"திருப்பிப் புடிச்சுப் பாத்தானே, அவரு மகள்."

பாலகோபாலின் முகம் ஒரு நொடி செத்துப்போயிற்று. அப்புறம் சமாளித்துக்கொண்டார். "அட, முத்தலிப் பாய் புள்ளைங்களா! கோவிச்சுக்காதீங்க அம்மணி. ஊர்ல ஒரு தமாசு. டீக்கு ஒண்ணும் வேண்டாம், போங்க." கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

நிழற்குடைக்குள் போனோம். சிலந்திவலை, காய்ந்த தென்னை ஓலை, ஆட்டுப் புழுக்கை. வடக்குச் சுவரில், உள்பக்கம், மூன்றடி நீளத்தில் ஒண்ணேகால் அடி உயரத்தில் ஒரு குழிவு இருந்தது. விளக்கு வைக்கிற மாடம் என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். இவ்வளவு நீளமான மாடத்தில் எத்தனை விளக்கு வைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. இஸ்மத் குழிவின் பின்சுவரை முட்டியால் தட்டினார். அப்புறம் பக்கத்துச் சுவரை. மறுபடி குழிவை. எனக்குக்கூட வித்தியாசம் கேட்டது.

"இது செவுரு இல்லீங்க. பூச்சு. பின்னால ஒத்தக் கல்லு. வெளிய என்ன இருக்குது?"

வெளியே போய்ப் பார்த்தேன். வடக்குச் சுவரில், சரியாக அந்த இடத்தில், என் தாத்தாவின் பெயர் பதித்த கருங்கல் இருந்தது.

திரும்பி வந்தபோது இஸ்மத் சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். குழிவு அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அவர் முகம் மாறியிருந்தது.

"எங்கம்மாவ இங்க செங்கல் அடுக்கி உக்கார வெச்சாருங்க. 'அங்க பாரு, புளியமரம் தெரியுதா'ன்னு கேட்டுட்டு, கண்ணுக்கு நேரா சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டாரு. அப்பறம் என்னைய உக்கார வெச்சாரு. எனக்கு ஒரு கோடு, கீழ. ரெண்டு கோட்டுக்கும் தக்கன ஒரு சன்னல். நான் என்னமோ வெளையாடறாருன்னு நெனச்சேன்."

புளியமரம் சாலை வடக்கே வளைகிற இடத்தில் இன்னும் நிற்கிறது. பல்லடத்து பஸ் அங்கே திரும்பும்போதே உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

"சரி, ஆனா ஏன் கெழக்க திருப்பணும்?" என்றேன்.

"இதக் கட்டறதுக்கு முந்துன ஆடியில ரோட்டோரம் நின்னு துண்டத் தூக்கிப் புடிச்சுட்டே இருப்பாருங்க. நான் காக்கா ஓட்டறாருன்னு நெனச்சேன்." அவர் சொல்லிவிட்டு மேற்குச் சுவரைத் தடவினார். "காத்துக்கு முதுகு காட்டி உக்கார வெச்சிருக்காருங்க எங்கத்தா. சனங்க நனையாம இருக்கோணும், பஸ்ஸும் தெரியோணும். ரெண்டுக்கும் வழி பண்ணியிருக்காரு."

சுற்றிலும் நூறு காற்றாடிகள் நிற்கிற ஊர். காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை கம்பங்களையும் நட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்தில் ஒருவருக்கும் காற்று ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

உடனே பாலகோபாலிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இருக்கலாமுங்க. ஆனா சன்னலு எங்கீங்க? கல்லுதான இருக்குது? கண்ணுல பாத்தாத்தான் ஊர் ஒத்துக்கும் அம்மணி. சீக்கிரம் பாருங்க, மாசிக்குள்ள இடிக்கறாங்க." சாலையை அகலப்படுத்துகிறார்கள். சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண் எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

இஸ்மத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இடிப்பதற்கு முன் அந்தக் கல்லை எடுத்து, ஜன்னலைத் திறந்து, ஊர்க்காரர்கள் நாலு பேரை உள்ளே உட்காரவைத்துப் புளியமரத்தைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு நாங்கள் அலைந்த அலைச்சல்! ஊராட்சியில் கேட்டால் சாலைக்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். சாலைக்காரர்கள் ஒப்பந்ததாரரைக் கைகாட்டினார்கள். ஒப்பந்ததாரரின் ஆள், "உபயம் குடுத்த குடும்பம் எழுதிக் குடுத்தா எடுத்துக்குங்க, எனக்கென்ன" என்றார். மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் இஸ்மத் அரை நாள் விடுப்பு எடுத்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கேட்ட ஒவ்வொருவரும் நடுவில் ஒரு தடவை சிரித்தார்கள்.

உபயம் கொடுத்த குடும்பம் என்றால் என் பெரியப்பா சென்னகேசவன். தாத்தா போன பிறகு அவர் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். சிங்காநல்லூரில் எங்கள் பழைய மில் இப்போது கிடங்காகிவிட்டது. அதன் முன்னறையில் பெரியப்பா காலை பத்து முதல் ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பார். இஸ்மத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாங்க, உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆமா, அங்க சன்னல் இருந்துச்சு. நான் பாத்திருக்கேனே."

இஸ்மத் கையில் இருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றது.

"கல்லுப் பதிக்கற அன்னைக்கு நானும்தான் கூட இருந்தேன். அந்த பாய் வந்து, 'ஐயா, இது சன்னலுங்க, கல்ல ரெண்டடி மேல வெச்சுக்கலாங்க'ன்னு கெஞ்சுனாரு. அப்பா ஒத்துக்கல. மேல வெச்சா கார்ல வர்றவன் கழுத்தத் தூக்கிப் பாக்கோணும், உக்காந்து வர்றவன் கண்ணுக்கு நேரா இருக்கோணும்னு சொல்லிட்டாரு. கோயமுத்தூர்ல இருந்து வர்ற வண்டிக்கு மொதல்ல தெரியற செவுரு அதுதான்."

"அப்ப பஸ்ஸுக்கு நிக்கறவங்க?" என்றேன்.

"பஸ்ஸுல ஆரன் எதுக்கு வெச்சிருக்கான்?"

"முப்பது வருசமா அவரை ஊரே கிண்டல் பண்ணிச்சு, பெரியப்பா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்கிட்ட யாரு கண்ணு கேட்டா?"

அது உண்மை. யாருமே கேட்கவில்லை. வெள்ளைக்காரனையும் ஜோசியரையும் தேடிப் போனவர்கள், உபயம் என்று கல்லில் பெயர் போட்ட வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை. நானும் அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன்.

இஸ்மத் மெதுவாகப் பேசினார். "ஐயா, எங்கத்தா உங்கள ஒரு கொறை சொன்னதில்லீங்க. எனக்குக்கூடச் சொன்னதில்ல, இத நாங்களாத்தான் கண்டுபுடிச்சோம். கல்லு உங்களுது, எடுத்துட்டுப் போயிருங்க. பின்னால இருக்கறத ஊரு ஒரு நாள் பாக்கட்டும். அப்பறம் இடிச்சுக்கட்டும்."

பெரியப்பா நாட்காட்டியைப் பார்த்தார். அப்பா பெயர் பதித்த கல்லை நினைத்த நேரத்தில் பேர்க்க முடியாது. அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் தள்ளி, பிப்ரவரி இருபத்தெட்டு, புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் என்று குறித்துக் கொடுத்தார். இடிப்பு வியாழக்கிழமை என்று ஒப்பந்ததாரரின் ஆள் சொல்லியிருந்தார். ஒரு நாள் இடைவெளி. இஸ்மத்துக்கு அதுவே போதும். பாலகோபாலுக்குப் போன் போட்டு, புதன்கிழமை ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவைக்கச் சொன்னார். தன் எண்ணையும் கொடுத்தார். நிதாவையும் விடுப்பு எடுக்கச் சொன்னார்.

புதன்கிழமை எட்டரை மணிக்குப் போய் இறங்கினோம். நிழற்குடை இல்லை.

ஒரு குவியல் கிடந்தது. வேலை வேகமாக நடந்ததால் இயந்திரத்தைத் திங்கட்கிழமையே கொண்டுவந்துவிட்டார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று அங்கிருந்து யாரோ பெரியப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நல்ல நேரமெல்லாம் பார்க்காமல் ஆள் அனுப்பிக் கல்லைப் பத்திரமாகப் பேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்த பத்தாவது நிமிடத்தில் இயந்திரம் சுவரில் இடித்திருக்கிறது. எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அங்கேயே நின்று பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அட, மறந்துபோச்சு கண்ணு. கல்லுல ஒரு கீறல் இல்ல தெரியுமா?" என்றார்.

பாலகோபால் ஓடிவந்தார். "திங்கக்கெழம நான் கடையில இல்லீங்க அம்மணி, பழனி போயிருந்தேன். இல்லீன்னா ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்." ஒப்புக்கொண்டபடி மூன்று பெரியவர்களைக் கூட்டி வைத்திருந்தார். அவர்கள் குவியலைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

இஸ்மத் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலில் ஏறினார். நிதாவும் ஏறினாள். ஒரு மணி நேரம் கல்லைப் புரட்டினார்கள். கடைசியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கான்கிரீட் துண்டை இரண்டு பேருமாகப் புரட்டிப் போட்டார்கள். நாலடி நீளம்.

"இது லிண்டல்" என்றாள் நிதா. "சன்னல், வாசலுக்கு மேலதான் போடுவாங்க. மாடத்துக்கு இவ்வளவு பெரிய லிண்டல் யாரும் போட மாட்டாங்க."

இஸ்மத் பெரியவர்களைப் பார்த்தார். "பாத்தீங்களா? சன்னல் இருந்துச்சுங்க."

ஒரு பெரியவர் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார். தொட்டும் பார்த்தார். "கம்பி நல்ல கம்பியா இருக்குது" என்றார். மற்றவர், "விடு அம்மணி, அதுதான் இடிச்சாச்சே. இனி யாரு பேசப்போறா" என்றார். பாலகோபால் டீ போடப் போனார். இஸ்மத் டீயைக் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "முப்பது வருசம் இருந்துச்சுங்க. ரெண்டு நாள் இருக்கக் கூடாதா?"

நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். ஜன்னல், சாக்பீஸ் கோடு, துண்டு, காற்று, என் தாத்தா செய்தது, நான் செய்தது, எதையும் மறைக்காமல். நூற்று எண்பது பேர் பார்த்தார்கள். ஒருவர், "ரொம்ப நீளமா இருக்கு, சுருக்கமா சொல்லுங்க" என்று எழுதினார். பழைய படம் மட்டும் இன்னும் யார் யாரோ பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா அந்தக் கல்லைக் கிடங்கு வாசலில், உட்கார்ந்து வருகிறவர் கண்ணுக்கு நேராகப் பதித்துவிட்டார். நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துச் சாலை முடிந்தது. வருடக் கடைசியில் பிரிவில் புது நிழற்குடை வந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், நீல நிறக் கூரை, பின்னால் கண்ணாடி. முறைப்படி சாலையைப் பார்த்து, மேற்கு நோக்கி. நிதா படிப்பை முடித்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தாள். இஸ்மத் கடையில் சுவர்களைத் தட்டிக்கொண்டிருந்தார். எப்போதாவது பார்த்தால் நிழற்குடையைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அவருக்கு அவர் அத்தாவின் நோய் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

2025 ஆகஸ்ட்டில், ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மத்தியானம், இஸ்மத்தின் எண்ணிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அவருக்கு வந்ததை அப்படியே அனுப்பியிருந்தார். தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. போட்டுக் கேட்டால் முதலில் வெறும் காற்று. ஒலிபெருக்கியில் மண் கொட்டுவதுபோல. அதற்குள்ளிருந்து பாலகோபால் கத்தினார்:

"ஏனுங்க இஸ்மத் அம்மணி, திருப்பி ஸ்டாப்பு டீக்கடை பாலகோபால் பேசறனுங்க. காத்துச் சத்தம் கேக்குதுங்களா? புது செட்டுல ஒரு மனுசன் உக்கார முடியறதில்லீங்க. சாரலு நேரா மூஞ்சியில அடிக்குது. போன வாரம் கூரைத் தகடு ரெண்டு பிச்சுட்டுத் தென்னந்தோப்புல போய் உளுந்துருச்சு. பள்ளிக்கோடத்துப் புள்ளைக எல்லாம் என்ற கடைக்குள்ள வந்து நிக்குதுங்க. நேத்து ஊர்க்கூட்டம் போட்டோமுங்க. கெழக்க பாத்துத் திருப்பி வெச்சுக் குடுங்கன்னு மனு எழுதறோம். நான்தான் மொதல் கையெழுத்து. வெறுமனே திருப்பி வெச்சா பஸ்ஸு தெரியாதுன்னு ஒருத்தன் சொன்னான், அப்பத்தானுங்க எனக்கு உங்க லிண்டல் ஞாபகம் வந்துச்சு. மனுவுல அளவு எழுதோணுமாமா. அம்மணி, வடக்குச் செவுத்துச் சன்னல, தரையில இருந்து எத்தன அடி ஒசரத்துலீங்க வெச்சிருந்தாரு உங்கப்பா?"